மலையேறிச் சொன்ன நன்றி

(நமது ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி நடைபெற்ற பொது நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் கரும்பலகையின் முன் நின்று பழகியவன் நான். மேடையேறிப் பேசுவது எனக்குப் புதிதன்று. ஆயினும் இன்று பேசும்போது நாத் தழுதழுக்கிறது. இன்று நான் பேச வேண்டிய பொருள் நூல்களில் படித்ததன்று. என் மார்பின் நடுவே ஒரு சாண் நீளத் தழும்பாக எழுதப்பட்டிருப்பது. "இருதய அறுவைச் சிகிச்சைக்குப் பின், மருத்துவமனைக்கு நன்றி செலுத்தும் பொருட்டு நீங்கள் பூலாய் மலைக்கு நடந்தீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள், திருவிழா மலரிலும் அது இடம்பெறட்டும்" என்று செயலாளர் அன்புடன் கேட்டுக்கொண்டார். மறுக்க இயலவில்லை. நன்றி சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கும்போது அதைத் தட்டிக் கழிப்பது முறையாகாது அல்லவா?

நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே திருவிழாக் காலம். அன்னதானக் கூடத்தில் நான் பரிமாறிக் கொண்டிருந்தேன். இடது தோளில் தொடங்கிய வலி மெல்ல மெல்லத் தாடை வரை ஏறியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. "வெயிலும் பசியும் சேர்ந்து வாயுவாகிவிட்டது" என்று எனக்கு நானே வைத்தியனாகி, ஓமத் தண்ணீர் குடித்துத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். திருவிழா நேரத்தில் யாருக்கும் தொல்லை கொடுக்கலாகாது என்பது என் எண்ணம். விடியற்காலையில் என் துணைவியார் என் கையைத் தொட்டுப் பார்த்தார். அது சில்லிட்டிருக்கக் கண்டு மருமகனை எழுப்பினார். கூலாய் மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்த மருத்துவர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. ஆம்புலன்சில் என்னை ஜொகூர் பாருவுக்கு அனுப்பி வைத்தார். அங்கே இரத்தக் குழாய்களைப் படம் பிடித்துப் பார்த்தபோது, முக்கியமான மூன்று குழாய்களிலும் அடைப்பு இருப்பது தெரிந்தது. அறுவைச் சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள்.

அன்பர்களே, இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் என்னோடு ஒன்றாக வளர்ந்த பால்ய நண்பர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே போன்ற வலி வந்தது. அவரும் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படுத்தார். அவர் எழவில்லை. அப்பொழுது அவருக்கு வயது 49. அவரைச் சுமந்து சென்ற நால்வரில் நானும் ஒருவன். அவ்வாறு சுமந்த தோளிலேயே எனக்கு வலி வந்தபோதும், நான் பாடம் கற்றுக்கொண்டிருக்கவில்லை. ஆசிரியராக இருந்தவன் இதைச் சொல்ல வெட்கப்படுகிறேன். ஆனால் என் வெட்கத்தைவிட உங்கள் உயிர் பெரிது.

எனக்குச் செய்யப்பட்ட அறுவையைப் பற்றிச் சில சொற்கள். நம் இதயம் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. ஆனால் தனக்கு வேண்டிய இரத்தத்தை, தன் மேற்பரப்பில் ஓடும் மெல்லிய குழாய்கள் வழியாகவே அது பெற வேண்டியிருக்கிறது. அந்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி அடைபட்டால், ஊருக்கெல்லாம் சோறு போடுகின்ற அன்னதானக்காரர் தாம் பட்டினி கிடப்பது போன்ற நிலைமை உண்டாகிறது. நெடுஞ்சாலையில் மரம் விழுந்து கிடந்தால் நாம் என்ன செய்கிறோம்? தோட்டத்துச் செம்மண் சாலையில் புகுந்து, மரத்தைத் தாண்டி மீண்டும் நெடுஞ்சாலையில் ஏறுகிறோம். அதைப் போலவே, காலிலிருந்தும் மார்புச் சுவரின் உட்புறத்திலிருந்தும் குழாய்களை எடுத்து, அடைப்பைத் தாண்டி இணைத்து, இரத்தத்திற்குப் புதிய வழி அமைக்கிறார்கள். இதைத்தான் பைபாஸ் என்று கூறுகிறோம்.

இந்த வழி ஒரு நாளில் அமைந்துவிடவில்லை. இதயத்தையும் நுரையீரலையும் நிறுத்தி வைத்து, அவற்றின் வேலையை ஓர் இயந்திரம் செய்ய, அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்னும் மருத்துவர் முதன்முதலாக வெற்றிகரமாக அறுவை செய்தது 1953ஆம் ஆண்டு மே மாதத்தில். அர்ஜென்டினா நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து வந்த ரெனே ஃபவலோரோ, பின்னர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குச் சென்று, காலின் இரத்தக் குழாயைக் கொண்டு செய்யும் பைபாஸ் முறையை 1967இல் நிலைநிறுத்தினார். தமிழகத்தில், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் 1975இல் செய்ததே இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை என்று போற்றப்படுகிறது. நம் நாட்டில், 1989ஆம் ஆண்டு தொடக்கத்தில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது மாரடைப்புக்கு ஆளானபோது, வெளிநாடு செல்லாமல் கோலாலம்பூர் மருத்துவமனையிலேயே, டாக்டர் யஹ்யா அவாங் தலைமையிலான மலேசிய மருத்துவர்களிடம் பைபாஸ் அறுவை செய்துகொண்டார். அதன் பின்னர், 1992இல் தேசிய இருதயக் கழகம் தோன்றியது. நாட்டுத் தலைவருக்குக் கிடைத்த அதே சிகிச்சை, ஒரு தோட்டத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த எனக்கும் கிடைத்தது. இந்த எண்ணமே என்னை முதலில் கண்கலங்க வைத்தது.

கண் விழித்தபோது நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். பிளந்து மூடிய மார்பெலும்பைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சீன இளைஞர் என் மூச்சுப் பயிற்சியைக் கவனித்தார். ஒரு தமிழ்ப் பிள்ளை என்னைத் துடைத்து உடை மாற்றினார். தலைமைத் தாதியாகிய மலாய் அம்மையார், நான் ஆசிரியன் என்று அறிந்து, 'சிக்கு' என்றே என்னை அழைத்தார். இரவில் தூக்கம் வராமல் நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "பயப்படாதீங்க ஐயா, இந்தக் கட்டில்ல படுத்தவங்க எத்தனையோ பேரு நடந்து போனதை நான் பார்த்திருக்கேன்" என்றார். எந்த மருந்தும் செய்யாத வேலையை அந்தச் சொல் செய்தது.

வீடு திரும்பும் நாளில் என் பிள்ளைகள் பெரிய பழக்கூடை ஒன்று வாங்கி வந்தார்கள். தலைமைத் தாதியோ புன்னகையுடன் அதை மறுத்தார். "அரசாங்க ஊழியர்கள் அன்பளிப்பு வாங்குவது முறையில்லை, சிக்கு. எங்களுக்கு நன்றி சொல்ல நினைத்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் அறுவைக்கு இரத்தம் கொடுத்தவர் யாரென்று எங்களுக்கும் தெரியாது. அடுத்த வாரம் இதே கட்டிலுக்கு இன்னொருவர் வருவார். அவருக்கும் இரத்தம் வேண்டும். முடிந்தால் ஆட்களைக் கூட்டி வாருங்கள்" என்றார்.

அன்றிரவு முழுவதும் அந்தச் சொற்கள் என்னை உறங்க விடவில்லை. என் உடம்பில் ஓடுவது யாருடைய இரத்தம்? மலாய்க்காரருடையதா, சீனருடையதா, இந்தியருடையதா? பட்டதாரி கொடுத்ததா, லோரி ஓட்டுநர் கொடுத்ததா? அறியேன். அறிந்து சென்று கைகூப்பவும் இயலாது. சரி, நானும் இரத்தம் கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம் என்றால், இதயநோய் கண்டவன் இரத்ததானம் செய்ய அனுமதியில்லை. வாங்கிய கடனை வாங்கிய பொருளாலேயே திருப்பித் தர முடியாத கடன்காரன் ஆனேன். செய்ந்நன்றி அறிதலுக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரை வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் நான். அந்த அதிகாரத்தின் கனம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

என் துணைவியார், நான் அறுவைக் கூடத்தில் இருந்தபோதே முருகப் பெருமானுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டிருந்தார். அந்த நேர்த்திக்கடனை அடுத்த தைப்பூசத்தில் குறைவின்றி நிறைவேற்றினார். இறைவனுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தும் வழி நமக்குத் தெரியும். பாட்டன் பூட்டன் காலந்தொட்டு நடந்து பழகிய வழி அது. விரதமிருந்து, காலில் செருப்பின்றி நடந்து, பத்துமலையின் 272 படிகளை ஏறுவது நம்மவர்க்குப் பாரமாகத் தோன்றுவதில்லை. ஆனால் இறைவன் யாருடைய கைகளைக் கருவியாகக் கொண்டு நம்மைக் காத்தானோ, அந்தக் கைகளுக்கு நன்றி செலுத்த நம்மிடம் என்ன வழி இருக்கிறது? இந்தக் கேள்வியே என்னை மலைக்கு அழைத்துச் சென்றது.

நம் சமய வரலாற்றிலேயே இதற்கு விடை இருப்பதை உணர்ந்தேன். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பரடிகள், கொடிய சூலை நோயால் துடித்தவர். தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்து, அவர் அளித்த திருநீற்றை அணிந்து, இறைவனை வேண்டி, நோய் நீங்கப் பெற்றார். நோய் நீங்கியவுடன் அவர் வீட்டிலே அமர்ந்துவிடவில்லை. கையில் உழவாரம் ஏந்தினார். ஊர் ஊராக நடந்து, திருக்கோயில் பிராகாரங்களில் முளைத்த புல்லையும் முள்ளையும் தம் கையாலேயே செதுக்கினார். அடுத்து வரும் அடியாரின் காலில் முள் தைக்கலாகாது என்பதற்காக ஒரு நோயாளி செய்த நன்றிக்கடன் அது என்றே நான் பொருள் கொள்கிறேன். பெற்ற நன்மையைப் பின்னால் வருபவருக்குக் கையாலும் காலாலும் கொண்டு சேர்ப்பதே நன்றி.

ஆகவே, ஒரு தீர்மானத்திற்கு வந்தேன். நாம் நாள்தோறும் கண்ணால் காணும் பூலாய் மலைக்கு நடப்பது. நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இத்தனை ரிங்கிட் என்று அன்பர்களிடம் வாக்குறுதி பெறுவது. திரட்டிய பணத்தை மருத்துவமனையின் ஏழை நோயாளிகளுக்கான நலநிதிக்கு அளிப்பது. அதைத் தொடர்ந்து ஆலய மண்டபத்தில் இரத்ததான முகாம் நடத்துவது. என்னால் கொடுக்க இயலாத இரத்தத்தை, என் நடையைக் கண்டு மற்றவர் கொடுக்கட்டும் என்பதே என் வேண்டுதல்.

இதைக் கேட்ட என் மூத்த மகள் கோபித்துக்கொண்டாள். "பிழைத்து வந்ததே பெரிது, மலை எதற்கு?" என்றாள். அவள் அச்சத்தில் நியாயம் இருந்தது. அவளுக்கு நான் இருவரைப் பற்றிச் சொன்னேன்.

ஒருவர் ரனுல்ஃப் ஃபைன்ஸ் என்னும் ஆங்கிலேய நாட்டாராய்ச்சிப் பயணி. 2003ஆம் ஆண்டு ஜூன் மாதம், 59 வயதில், பிரிஸ்டல் விமான நிலையத்தில் மாரடைப்பால் விழுந்தார். மூன்று நாள் நினைவின்றிக் கிடந்து, பைபாஸ் அறுவையால் பிழைத்தார். ஐந்து மாதம் நிறைவதற்குள், பிரிட்டிஷ் இருதய அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் நோக்குடன், மைக் ஸ்ட்ரவுட் என்னும் மருத்துவரோடு சேர்ந்து, ஏழு நாள்களில் ஏழு மராத்தான் ஓட்டங்களை ஓடி முடித்தார். அவற்றுள் ஒன்று, பாலத்தைக் கடந்தால் நாம் சென்று சேரும் சிங்கப்பூரிலேயே நடைபெற்றது. அவரே 2009ஆம் ஆண்டு, 65 வயதில் எவரெஸ்ட் சிகரத்தையும் தொட்டார். ஆனால் அதற்கு முன், 2005இல், சிகரத்தை நெருங்கிய வேளையில் நெஞ்சுவலி கண்டு திரும்பி இறங்கினார் என்பதை மறந்துவிடக் கூடாது. திரும்பி இறங்கியதனால் அல்லவா பின்னொரு நாள் ஏற முடிந்தது?

மற்றொருவர் கெல்லி பெர்கின்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1995இல் மாற்று இதயம் பொருத்தப்பெற்றவர். பின்னர் ஜப்பானின் ஃபூஜி மலையையும் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையையும் ஏறினார். மாற்று இதயத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பொருத்தும்போது அதன் நரம்புத் தொடர்புகள் அறுபட்டுவிடுகின்றன. ஆகையால், கால் ஏறத் தொடங்கியவுடன் வேகமாகத் துடிக்க வேண்டும் என்னும் செய்தி அதற்கு உடனே எட்டுவதில்லை. இரத்தத்தில் சுரக்கும் நீர் வந்து சேர்ந்த பின்னரே அது வேகம் கொள்ளும். எனவே அத்தகையோர் மிக மெதுவாகத் தொடங்கி, இதயத்திற்காகக் காத்திருந்து, அதன் பின்பே நடையை விரைவுபடுத்த வேண்டும். இதயத்தை அதட்டாமல், அதனோடு இணங்கி நடப்பதே முறை என்று மகளிடம் கூறினேன். அவள் அரைமனத்தோடு சம்மதித்தாள்.

நான் எடுத்தவுடன் மலைக்குச் செல்லவில்லை. முதலில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பத்து அடி. பிறகு வீட்டு வாசல் வரை. மார்பெலும்பு கூடுவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை கனமான பொருளைத் தூக்கக் கூடாது. ஆறு வாரம் கடந்து மறுவாழ்வுப் பயிற்சி. அதன் பின்னர் நாள்தோறும் காலையில் எங்கள் தாமானைச் சுற்றி நடை. ஓராண்டுக்கும் மேலான பிறகு, ஓடுபொறியில் நடக்க வைத்து இதயத்தைச் சோதித்த மருத்துவர் அனுமதி தந்தார். அனுமதியோடு ஒரு விதியும் தந்தார். "நடக்கும்போது பேசிக்கொண்டே நடங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடியவில்லை என்றால், அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். மேலே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்க்கக் கூடாது" என்றார்.

குனோங் பூலாய் என்று வழங்கும் அந்த மலை 654 மீட்டர் உயரமுடையது. நம்மில் பலர் விடுமுறை நாள்களில் பிள்ளைகளோடு சென்ற இடந்தான். அதன் அடிவாரத்து நீர்த்தேக்கம் பல்லாண்டுகள் சிங்கப்பூருக்குக் குடிநீர் வழங்கியது. 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்டு 31ஆம் நாளோடு முடிவுற்றபின் அது ஜொகூரின் பொறுப்புக்குத் திரும்பியது. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்பதால் அங்குவரை தார்ச்சாலை உண்டு. ஆயினும் அந்த மலையை எளிதாக எண்ணிவிடலாகாது. 2001 டிசம்பர் 28ஆம் நாள், பெருமழையில் சரிந்து வந்த மண்ணும் மரமும் நீரும் ஐந்து உயிர்களைப் பலிகொண்டதை நம் வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். எனவே மழைக்காலத்தைத் தவிர்த்து, முறையான அனுமதி பெற்று, முதலுதவி அறிந்தவர்களை உடன் அழைத்துக்கொண்டு நாள் குறித்தோம்.

அன்று அதிகாலை ஆலயத்தில் விநாயகருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். இளைஞர் பிரிவினர் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்தனர். மகளிர் பிரிவினர் அவித்த கடலையும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு வந்தனர். மருத்துவமனையில் என்னைக் கவனித்த தாதியர் இருவர், தங்கள் விடுமுறை நாளில் வந்து எங்களோடு நடந்தனர். என் கையைப் பிடித்துக்கொண்டு என் பேத்தி வந்தாள். மருத்துவர் சொன்ன விதியை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "தாத்தா, கதை சொல்லிக்கிட்டே வாங்க" என்றாள். நான் அவளுக்கு அப்பரடிகள் கதையைச் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

சூலை நோய் நீங்கியது, உழவாரம் ஏந்தியது எல்லாம் சொல்லி முடித்தேன். சாலை செங்குத்தாக எழும்பியது. கயிலை மலையைக் காண வேண்டும் என்று அப்பரடிகள் வடக்கு நோக்கி நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்தார், கையும் ஓய்ந்தபின் மார்பால் நகர்ந்தார் என்று சொல்ல வந்தபோது மூச்சு முட்டியது. வாக்கியம் பாதியில் நின்றது. பேத்தி என் கையை இழுத்து நிறுத்தி, "தாத்தா, கதை நின்னுபோச்சு. உட்காருங்க" என்றாள்.

உச்சிக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கு தூரம் இருந்தது. கோபுரங்கள் மரங்களுக்கிடையே தெரிந்தன. மனம் ஏங்கியது. இத்தனை பேர் என்னை நம்பிப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் சற்றுத்தானே என்று ஓர் எண்ணம் எழுந்தது. அன்பர்களே, அந்த எண்ணமும் அன்றிரவு ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்தபோது எழுந்த எண்ணமும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதை அந்தக் கணத்தில் கண்டுகொண்டேன். உடம்பு சொல்வதைக் கேளாமல், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கின்ற எண்ணம் அது. நான் சாலையோரக் கல்லில் அமர்ந்துவிட்டேன். தாதியர் நாடியைப் பார்த்து, சற்று நேரம் இளைப்பாறி இறங்கினால் போதும் என்றனர். மற்றவர்களை மேலே போகச் சொன்னேன்.

அமர்ந்தபடியே பேத்திக்குக் கதையின் மிச்சத்தைச் சொன்னேன். அப்பரடிகள் கயிலைச் சிகரத்தைச் சென்றடையவில்லை. இறைவன் அவரைத் தடுத்து, ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, தமிழ்நாட்டுத் திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியை நல்கினான் என்று பெரியபுராணம் கூறுகிறது. "அப்ப மேல போகாமலே சாமி பார்த்துட்டாரா?" என்று கேட்டாள் பேத்தி. "ஆமாம், திரும்பி வந்த இடத்தில் பார்த்தார்" என்றேன். இறங்கி வரும் வழியில் என் கால் கனமாக இருக்கவில்லை.

அடுத்த நாள், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்களித்தவர்களிடம் சென்றேன். நான் ஏறாத தூரத்தைக் கழித்துக்கொண்டே கணக்கைக் காட்டினேன். கூலாய்க் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் சீன நண்பர் ஒருவர், என் கணக்கைப் பார்த்துவிட்டு முழுத் தொகையையும் எண்ணி வைத்தார். "நீ ஏறினதுக்கு நான் காசு கொடுக்கவில்லை, சிக்கு. நீ பத்திரமாகத் திரும்பி வந்ததுக்குக் கொடுக்கிறேன்" என்றார். திரண்ட தொகை பெருந்தொகையன்று. அதன் வரவு செலவு விவரம் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, முறைப்படி மருத்துவமனையில் ஒப்படைக்கப்பட்டது. அதனினும் பெரிதாக நான் கருதுவது, இரண்டு வாரம் கழித்து நம் மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமையே. அன்று முதல் ஆளாக வந்து படுத்தவள், மலை எதற்கு என்று கேட்ட என் மூத்த மகள்.

இனி, இந்த உரையின் பயனாக உங்களிடம் மூன்று விண்ணப்பங்களை வைக்க விரும்புகிறேன்.

முதலாவது: நெஞ்சு வலியை வாயு என்று எண்ணிவிடாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், தோள், கை, தாடை ஆகியவற்றிற்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை தோன்றினால் 999 எண்ணை அழையுங்கள். நீரிழிவு நோயாளர்களுக்கும் பெண்களுக்கும் கடும் வலி இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். அசதியும் குமட்டலும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். அடைபட்ட குழாயைத் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிந்துகொண்டே போகிறது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டபோது, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவர். இந்த மண்டபத்தில் உங்கள் வரிசையிலேயே எண்ணிப் பாருங்கள். நீரிழிவு இதயக் குழாய்களுக்குப் பகை. அன்னதானத்தில் ஒரு நாளாவது இனிப்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிப் பரிமாறினால் அதுவும் ஒரு திருப்பணியே என்று நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது: இரத்தம் கொடுங்கள். 18 முதல் 60 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள், மருத்துவப் பணியாளர் சோதித்து ஏற்றபின் கொடுக்கலாம். இரத்தத்தை ஆலையில் செய்ய முடியாது. நெடுங்காலம் சேமித்து வைக்கவும் முடியாது. சிவப்பணுக்கள் சில வாரங்களே தாங்கும். தட்டணுக்கள் ஏறக்குறைய ஐந்து நாளே. ஆகவே ஒரு முறை கொடுத்து நிறுத்தினால் போதாது. ஆலயத்தில் ஆண்டுதோறும் அபிஷேகம் தவறாமல் நடப்பது போல, இதுவும் தவறாமல் நடக்க வேண்டும்.

மூன்றாவது, சற்றுக் கனமான விண்ணப்பம். நம் ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் வட்டாரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, இயந்திர இதயத்தின் துணையோடு ஓராண்டு உயிர் வாழ்ந்து, 2007ஆம் ஆண்டு அக்டோபரில் தேசிய இருதயக் கழகத்தில் மாற்று இதயம் பெற்ற செய்தி அன்று நாடு முழுவதையும் உருக்கியது. முதலில் பொருத்திய இதயத்தை உடல் ஏற்காமற் போகவே, அடுத்து மற்றொரு குடும்பம் தந்த இதயம் அவளுக்குப் பொருத்தப்பட்டது. முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்காக, துயரத்தின் உச்சியில் நின்றிருந்த இரண்டு குடும்பங்கள் தங்கள் செல்வத்தின் இதயத்தை வழங்கின. அவ்வளவு பெரிய மனம் எல்லார்க்கும் உடனே வந்துவிடாது என்பதை அறிவேன். நம் வீட்டில் அமர்ந்து, நம் விருப்பம் இன்னது என்று பிள்ளைகளிடம் பேசி வைக்கவாவது தொடங்குவோம். பேசாமல் விட்டால், அந்தக் கடுமையான நேரத்தில் முடிவெடுக்கும் சுமை முழுவதும் அவர்கள் தலையில் விழும்.

அன்பர்களே, நான் மலையுச்சியைக் காணவில்லை. மீண்டும் செல்வேனா என்று பலர் கேட்கிறார்கள். செல்வேன். ஆனால் அதே கல் வரையில்தான் செல்வேன். அங்கே அமர்ந்துகொண்டு, மேலே செல்லும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பேன். என் இரத்தத்தில் கலந்திருக்கும், பெயர் தெரியாத அந்த மனிதர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம் அல்லவா?

என்னைக் காத்த மருத்துவர்கள், தாதியர்கள், பணியாளர்கள், தரை துடைத்த அந்த அம்மாள், இரத்தம் கொடுத்த முகமறியா அன்பர்கள், அதிகாலையில் என் கையைத் தொட்டுப் பார்த்த என் துணைவியார் ஆகிய அனைவருக்கும், இந்தத் திருச்சந்நிதியில் நின்று தலைவணங்கி நன்றி கூறுகிறேன்.